வேர்விட்ட வாடகைக் கார்

குணசீலன் வாடகைக்கு எடுத்துவந்த வெள்ளைக் கார் மரமானது ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். வெள்ளோடை ஏரிக்கரையில் அதை முதலில் கவனித்தவள் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் அஞ்சலாட்சி, கவனித்தவள் அலறவும் இல்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை, கையிலிருந்த சீட்டுக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னொண்ணா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாகத் தள்ளி நிறுத்தப் போனாள், ஏனென்றால் வேர் ஓட இடம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

குணசீலன் சென்னையில் லிப்ட் பழுதுபார்ப்பவன். அடுக்குமாடிகளில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கத்துகிறவர்களிடம், "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம்" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிடுவது அவன் வேலை. அந்த அஞ்சு நிமிஷம் என்றைக்குமே அஞ்சு நிமிஷமாக இருந்ததில்லை. அவனுக்கு மனைவியாக இருந்த அமுதவல்லிக்கு அவன்மேல் இருந்த மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்று. இருவரும் பிரிந்து இரண்டு வருஷமாகிறது. ஒன்பது வயது மகள் வெண்ணிலா அம்மாவோடு தாம்பரத்தில் இருந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பிள்ளை அப்பாவோடு இருக்கலாம் என்றும், அவனே வந்து கூட்டிப்போய் அவனே கொண்டுவந்து விட வேண்டும் என்றும் குடும்பநல நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருந்தது.

ஐப்பசியில் ஒருமுறை இருபது நிமிஷம் தாமதம், கார்த்திகையில் ஒருமுறை நாற்பது நிமிஷம். முதல்முறை டயர் பஞ்சர் என்றான், அடுத்தமுறை மேம்பாலத்தில் நெரிசல் என்றான். இரண்டும் பச்சைப் பொய். இரண்டு முறையும் அமுதாவின் தெருமுனை வரை நேரத்துக்கு வந்துவிட்டு, பிள்ளையை இறக்கிவிட மனசு வராமல், பைக்கின் பின்னால் அவளை உட்காரவைத்து அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அதோடு விடாமல், "அம்மா கேட்டா பஞ்சர்னு சொல்லு கண்ணு" என்று பிள்ளையிடமும் சொல்லிவைத்தான். பிள்ளை சொன்னாள். சொல்லும்போது அவள் கண் தரையில் இருந்ததை அமுதா பார்த்துவிட்டாள். அவன் பொய் சொன்னதையாவது பொறுத்திருப்பாள், பிள்ளையைச் சொல்லவைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. மறுபடி நீதிமன்றம், மறுபடி தீர்ப்பு: இன்னொரு முறை ஆறு மணி தாண்டினால் இனி சனிக்கிழமை கிடையாது, மாதம் ஒருமுறை கோர்ட்டு அறையில், காவலுக்கு ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாம்.

அதனால்தான் பறவை பார்க்க வேண்டும் என்று வெண்ணிலா கேட்டபோது பைக்கை நம்பாமல், தானே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் ஒன்றை எடுத்தான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் நம்பர் போட்ட வண்டி. அதைக் கொடுத்த கம்பெனிப் பெண் செல்போனில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். முன்பக்கம், பின்பக்கம், கூரை, கதவுக்குக் கதவு. "புதுசா ஒரு கீறல் இருந்தாலும் தெரிஞ்சிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னால் மிரட்டல் இல்லையென்று ஆகிவிடுமா? மதுராந்தகம் தாண்டி வெள்ளோடை ஈரநிலப் பூங்கா வரும் வரைக்கும் குணசீலன் ஸ்டியரிங்கைவிட்டு ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை.

பூங்கா வாசலில் அஞ்சலாட்சி சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவள் காலடியில் கருவேல முள் கொப்புகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தாள். அங்கே நின்ற எல்லா வண்டிமேலும் ஒவ்வொரு கொப்பு இருந்தது.

"எம்மா, எம்மா, என்ன பண்றீங்க? இது வாடகை வண்டி!"

"வாடகையா இருந்தா இன்னா, சொந்தமா இருந்தா இன்னா. முள்ளு இருந்தா பறவை உக்காராது. நீ போறப்ப நானே எடுத்துடறேன்."

"கீறல் விழும்மா."

"விழுந்தா விழட்டும். எடுத்துடாத சார், சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அவள் அடுத்த வேனுக்குச் சீட்டுக் கிழிக்கத் திரும்பியதும், முள்ளை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிக் கீழே போட்டு, பெயின்ட்டைத் தடவிப் பார்த்து, கீறல் இல்லை என்று நிம்மதியாகி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான்.

ஏரி நிறைந்து கிடந்தது. தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு சண்டை. கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அரிவாள்மூக்கன்களும் நத்தைகுத்தி நாரைகளும் போட்ட கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. வெண்ணிலா விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள், நூற்றுப்பத்தில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். குணசீலன் மணி பார்த்தான், பதினொன்று. கொஞ்ச தூரம் நடந்து மறுபடி பார்த்தான், பதினொன்று ஐந்து. மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலரைக்குத் தாம்பரம். இந்தத் தடவை அமுதாவின் வாசலிலேயே நின்று ஆறு அடிக்கக் காத்திருந்து ஒப்படைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி நடந்தான்.

"அப்பா, நீ பறவையவே பாக்கல."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

"வாட்ச்சுல பறவை இல்லப்பா."

வெயில் ஏறியதும் காருக்குத் திரும்பி, கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு, கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்தார்கள். அப்போது கூரைமேல் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு நத்தைகுத்தி நாரை கூரையிலிருந்து குனிந்து, தலைகீழாக, முன்கண்ணாடி வழியாக முதலில் வெண்ணிலாவின் முகத்தைப் பார்த்தது, பிறகு குணசீலனின் முகத்தைப் பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பதுபோல வைப்பரை அலகால் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தது, திருப்தியானதும் எழும்பிப் போய் ஜோடியைக் கூட்டிக்கொண்டு ஒரு குச்சியோடு திரும்பி வந்தது. முதல் குச்சி கூரையில் விழுந்ததும் முன்டயர்கள் இரண்டும் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கின. இரண்டாவது குச்சிக்குப் பின்டயர்கள் இறங்கின. பத்தாவது குச்சி விழுவதற்குள் கதவுகளில் பட்டை படர்ந்து, பக்கக் கண்ணாடிகளில் துளிர் விட்டு, செல்போனுக்குச் சார்ஜ் போடும் துளையிலிருந்து ஓர் இலை எட்டிப் பார்த்தது. குணசீலன் சாவியைத் திருகினான். இன்ஜின் சத்தம் வரவேண்டிய இடத்தில் இலைகள் சலசலக்கும் சத்தம் வந்தது. மறுபடி திருகினான், கொஞ்சம் பலமாகச் சலசலத்தது.

"அப்பா, கார் மரமாயிடுச்சு," என்றாள் வெண்ணிலா.

"பன்னெண்டே முக்கால்," என்றான் குணசீலன். அவனுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

அஞ்சலாட்சி வந்து கண்ணாடியைத் தட்டினாள், குணசீலன் அதைக் கீழே இறக்கினான். "முள்ள எடுத்தியா?" என்றாள். அவன் தலை குனிந்தான். "எடுத்திருக்க," என்றாள், கோபமில்லாமல், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்.

அதற்குப்பின் வெள்ளோடை ஊர் செய்ததெல்லாம் யாரும் யாரையும் கேட்காமல் நடந்தது. ஒருவர் ஓடிப்போய்க் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தினார், இரண்டு பேர் காரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து டயருக்கு ஒரு குடமாக ஊற்றினார்கள், யாரோ பின்டயரில் ஒரு கூடை தொழு உரம் கொட்டினார். ஏரிக் காவலர் ஏகாம்பரம் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு வந்து, எல்லா மரத்துக்கும் போடுவதுபோல, பின்பம்பரில் முந்நூற்று நாற்பத்தேழு என்று நம்பர் போட்டார். அந்தக் கரையில் வண்டியாக இருந்து மரமானவை ஏற்கனவே ஆறு உண்டு. கல்யாண வேன் ஒன்று, இன்றைக்கும் அதன் காய்கள் குலுக்கினால் மெலிதாக ஹாரன் அடிக்கும். தேர்தல் ஜீப் ஒன்று, சித்திரையில் இரண்டு நிறத்தில் பூக்கும், எந்தக் கட்சி என்று கேட்டால் சண்டை வரும் என்பதால் யாரும் கேட்பதில்லை. டிராக்டர் ஒன்று, அதன் சொந்தக்காரர் இப்போதும் மாதம் ஒருமுறை வந்து துடைத்துவிட்டுப் போகிறார். ஆகவே ஏழாவதை வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரமில்லை, அவரவருக்கு வேலை இருந்தது.

"சரிங்க, வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றான் குணசீலன் ஏகாம்பரத்திடம். "நாங்க பஸ்ல போயிடறோம். ஆறு மணிக்குள்ள நான் தாம்பரத்துல இருக்கணும்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள்.

"போலாம்," என்றார் ஏகாம்பரம். "யாரும் உன்னைக் கட்டிப் போடல. ஆனா தெரிஞ்சிக்கினு போ. அது குனிஞ்சு உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் கூடு போடுது. மொத முட்டை வக்கிற வரைக்கும் அப்பப்ப குனிஞ்சு பாக்கும். பாத்த மூஞ்சி ஒண்ணாவது உள்ள இருக்கணும். இல்லன்னா எழும்பிடும். அது எழும்புச்சுன்னா இந்த ஏரியே எழும்பிடும்."

"ஒரு பறவை போனா எல்லாம் போயிடுமா?"

"போயிருக்குது. ஒரு கான்ட்ராக்டரு ஜீப்ப உட்டுட்டு ஓடுனாரு. நாலு வருசம் ஒரு றெக்கை இங்க எறங்கல. இதுங்க எச்சம் விழற தண்ணிதான் எங்க நெல்லுக்கு உரம். இருநூறு வூடு. நாலு வருசமும் வெறும் பதருதான் அறுத்தோம்."

"வேற யாராவது உக்காந்தா ஆகாதா?"

"கல்யாண வேனுக்கு மாப்பிள்ளைக்குப் பதிலா அவரு சித்தப்பாவ உக்கார வச்சுப் பாத்தோம். மீசைகூட ஒரே மாதிரிதான். குனிஞ்சு பாத்துச்சு, எழும்பிடுச்சு. அப்பால மாப்பிள்ளைய மாலையோட இழுத்தாந்து உள்ள போட்டோம், எறங்குச்சு. முகூர்த்தம் பத்து நாள் தள்ளிப் போச்சு. பத்து நாள்தான் சார், முட்டை வச்சிட்டா அப்பால நீ மத்தளமே அடிச்சாலும் அது எழுந்திருக்காது."

இரண்டு மணிக்கு வாடகைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வண்டி ரொம்ப நேரமாக நகரவில்லை என்று அவர்கள் கணினி சொல்கிறதாம். "நகராதுங்க," என்றான் குணசீலன். "எப்ப சார் ரிட்டர்ன் பண்ணுவீங்க?" என்றது அந்தக் குரல். ஏகாம்பரம் போனை வாங்கி, மரத்துக்கு நம்பர் போட்டாயிற்று, இனி வெட்டுவதென்றால் மனுக் கொடுத்துத்தான் வெட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். போனில் பத்து சதவீதம் சார்ஜ் மிச்சமிருந்தது.

இரண்டரை ஆயிற்று. மூன்று இருபதுக்கு மதுராந்தகம் போகும் டவுன் பஸ், அதை விட்டால் ஐந்தரைக்குத்தான் அடுத்தது. யாரோ ஊர்க்காரர்களின் நெல்லுக்காக என் பிள்ளையை நான் இழப்பதா என்று குணசீலன் நினைத்தான். அந்தக் கோர்ட்டு அறையை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். சுவரில் கரடிப் படம் ஒட்டியிருக்கும், மூலையில் ஒரு சக்கரம் இல்லாத பொம்மை லாரி கிடக்கும், பிள்ளைகள் பேச ஒன்றுமில்லாமல் அப்பாக்களின் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தான். வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தான்.

ஏரியின் கூச்சல் நின்றது. அத்தனை மரங்களில் அத்தனை ஆயிரம் பறவைகளும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டு கழுத்தை இந்தப் பக்கம் திருப்பின. கூரைமேலிருந்த இரண்டு நாரையும் சிறகை விரித்துக்கொண்டு நின்றன. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் பம்பு ஓடுவது அப்போதுதான் காதில் விழுந்தது. கரைமேல் ஊரே நின்றிருந்தது, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் போயிருப்பான், காலில் விழுந்திருந்தாலும் கையை உதறிக்கொண்டு போயிருப்பான். அவர்கள் பேசாமல் நின்றதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, நாம போனா இதுங்க எல்லாம் போயிடுமா?"

"தெரியலம்மா."

"பொய் சொல்லாதப்பா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்க்கவில்லை, நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"போயிடும்," என்றான்.

காலை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். நாரை ஒன்று குனிந்து பார்த்துவிட்டுச் சிறகை மடக்கியது. ஏரி விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கியது.

அஞ்சலாட்சி ஜன்னலுக்கு வந்தாள். "புள்ளைய நான் கொண்டு போயி உடறேன் தம்பி." சார் என்பது அந்த ஒரு கால் எடுத்ததில் தம்பியாகிவிட்டது.

"நானே கொண்டு போய் விடணும்னு எழுதியிருக்குக்கா. வேற யார்கிட்டயாவது அனுப்பினா அதுவும் தப்பு."

"எழுதுனவங்ககிட்ட அப்பால பேசிக்கலாம். பெத்தவகிட்ட இப்ப கேளு."

அமுதாவோடு அவன் போனில் பேசி ஒன்றரை வருஷமாகிறது. எல்லாம் குறுஞ்செய்திதான், அதுவும் வக்கீல் சொல்லிக்கொடுத்த மாதிரி. ஆறு சதவீதம் சார்ஜில் எண்ணை அழுத்தினான்.

"சொல்லுங்க."

"அமுதா, ஒரு சிக்கல்."

"பஞ்சரா?"

"இல்ல. கார் மரமாயிடுச்சு."

"மணி மூணுகூட ஆகல," என்றாள். "இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சத்தியமா சொல்றேன். வேணும்னா வெண்ணிலாகிட்ட குடுக்கறேன், நீயே கேளு."

"அவகிட்ட குடுக்காதீங்க!" அந்தக் குரலில் போனே நடுங்கியது. "இனிமே எதையும் அவ வாயால சொல்ல வைக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

குணசீலனுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்திலேயே அவன் சொல்வது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைச் சாட்சிக்குக் கூப்பிடும் உரிமையை அவனே கெடுத்துக்கொண்டிருக்கிறான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

அஞ்சலாட்சி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போனைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எம்மா, நான் அஞ்சலாட்சி. இங்க ஏரிக்கரையில சீட்டுக் கிழிக்கிறவ. உங்க வூட்டுக்காரரு..."

"அவரு எங்க வீட்டுக்காரர் இல்ல."

"சரி, இந்த ஆளு. வண்டிமேல முள்ளு வச்சேம்மா. எடுத்துடாதன்னு சொன்னேன். நான் அந்தாண்ட திரும்புறதுக்குள்ள எடுத்துக் கீழ போட்டுட்டாரு. நாரை கூடு கட்டிடுச்சு. வண்டி வேர் உட்டுடுச்சு."

"எடுக்காதன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனே."

"ஏன், எதுக்குன்னு கேக்கல இல்ல?"

"கேக்கல."

"கேக்க மாட்டாரு," என்றாள் அமுதா. கார் மரமானதை அவள் நம்பியது அந்த இடத்தில்தான். அவளுடைய குரலில் இருந்த இறுக்கம் கொஞ்சம் இளகியதைக் கரைமேல் நின்ற எல்லோரும் கேட்டார்கள். பிறகு அவர் ஏன் பஸ்ஸில் வரக்கூடாது என்று கேட்டாள், அஞ்சலாட்சி நாரையையும் நெல்லையும் இரண்டு மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அவரு இறங்கவே இல்லையா?"

"ஒரு கால வச்சாரு. அப்பால எடுத்து உள்ள வச்சிக்கினாரு."

"பாப்பாவ அனுப்புங்க," என்றாள் அமுதா. "ஆனா அவருகிட்ட சொல்லுங்க, ஆறு மணி தாண்டிச்சுன்னா நான்..."

போன் அணைந்துவிட்டது. அதற்குமேல் என்ன சொல்ல வந்தாள் என்பது யாருக்கும் தெரியவில்லை, குணசீலனுக்கு மட்டும் தெரிந்தமாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்துக் கதவை விரலளவு விரலளவாகத் திறந்தார்கள். வெண்ணிலா இறங்குமுன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ ராத்திரி எப்படிப்பா தூங்குவ?" என்றாள். "சீட்டைச் சாய்ச்சுக்குவேன்," என்றான். பிறகு பழக்கதோஷத்தில், "அம்மா கேட்டா..." என்று ஆரம்பித்தான். பிள்ளையின் முகம் சுருங்கியது.

"அம்மா கேட்டா, என்ன நடந்துச்சோ அத அப்படியே சொல்லு," என்று முடித்தான்.

அவள் அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், மூன்றாவது முறை திரும்புவதற்குள் பஸ் வந்துவிட்டது.

அப்புறம் காத்திருப்பு. காத்திருப்பதென்றால் என்னவென்று குணசீலன் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான், அதுவரை அவனுக்காக மற்றவர்கள்தான் காத்திருந்திருக்கிறார்கள். உள்ளே குளுமையாக இருந்தது, பட்டை வாசனை அடித்தது, காலடியில் பெடல்கள் வேராகி முறுக்கிக்கொண்டிருந்தன. நாரை கால்மணிக்கு ஒருதரம் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தது. நாலரைக்கு சைக்கிளில் வந்த ஒருவர், டவுன் பஸ் ரயில்வே கேட்டில் நிற்பதாகவும் ஒரு கூட்ஸ் போய் இன்னொரு கூட்ஸுக்காகக் கேட்டைத் திறக்கவே இல்லை என்றும் சொன்னார். குணசீலன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தண்ணீர் ஊற்றிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி டீ கொண்டுவந்தாள், அவன் குடிக்கவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. ஐந்து. ஐந்தரை. கேட் திறந்ததா இல்லையா, பஸ் கிடைத்ததா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அமுதாவின் எண் குணசீலனின் அணைந்த போனுக்குள் கிடந்தது. கையில் போனில்லாத அஞ்சலாட்சிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் ஏகாம்பரத்தின் எண், அவர் தன் போனை உள்ளங்கையில் மல்லாக்க வைத்துக்கொண்டு காருக்கு வெளியே குத்துக்காலிட்டிருந்தார்.

ஐந்து ஐம்பதுக்கு இரை தேடப் போன பறவைகளெல்லாம் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்பின. வானம் தெரியவில்லை. அந்த இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது என்பதால் ஏகாம்பரம் அதன் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணி. குணசீலன் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், பிறகு எடுத்துப் பார்த்தான். ஆறு ஐந்து. ஆறு பத்து. போச்சு என்று நினைத்தான். என் பிள்ளை போச்சு. ஊரார் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தான், கடித்தும் அழுகை வந்தது, கயிற்றுக்கு வெளியே இருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு இருபதுக்கு ஏகாம்பரத்தின் உள்ளங்கை வெளிச்சமானது. அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்.

"வந்துட்டா," என்றாள் அமுதா.

"எப்ப?"

"அஞ்சு அம்பத்தெட்டு. பஸ் ஸ்டாண்டுல இருந்து பாப்பாவ இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடியே வந்திருக்காங்க அந்தம்மா. வந்ததும் வாசல்லயே உக்காந்துட்டாங்க, மூச்சு வாங்குது. தண்ணி குடுத்து, இப்பதான் ரெண்டு பேருக்கும் தோசை போட்டேன். அதான் உடனே கூப்பிட முடியல."

ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்துக் குணசீலன் தலையை ஆட்டினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே எழுந்து, பறவைகள் மிரளாமல், சத்தமில்லாமல் சிரித்தது.

"பாப்பா எல்லாத்தையும் சொன்னா," என்றாள் அமுதா. "நீங்க அழுதா வேற யாருக்கும் தெரியாம அழுவீங்கன்னும் சொன்னா." பிறகு கேட்டாள், "முட்டை வைக்கிற வரைக்கும் அங்கதானா?"

"ஆமா. எட்டு நாளோ, பத்து நாளோ."

"அப்ப வர்ற சனிக்கிழமை..."

குணசீலன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நானே அவள அங்க கூட்டிட்டு வர்றேன். எத்தனை மணிக்கு வரட்டும்?"

இரண்டு வருஷத்தில் யாரும் அவனிடம் நேரம் கேட்டதில்லை.

"ஒம்பதுக்கு."

"திரும்பக் கூட்டிட்டுப் போக எப்ப வரணும்?"

ஏழு என்று சொல்லியிருக்கலாம், எட்டு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவள் இருந்த மனநிலையில் எது கேட்டாலும் சரி என்றிருப்பாள், அது அவள் குரலிலேயே தெரிந்தது. நாரை குனிந்து கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தது.

"ஆறு மணிக்கு வந்துடு," என்றான் குணசீலன்.